இன்வெர்ட்டருக்குச் சூடம் காட்ட ஆளில்லை

திண்டிவனத்தில் ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் டீசல் ஜெனரேட்டர் ஆபரேட்டராக இருந்தேன். ஆபரேட்டர்கள் மொத்தம் மூன்று பேர். கரன்ட் போனால்தான் மற்றவர்களுக்கு எங்கள் ஞாபகமே வரும்.

எங்களிடம் பெட்டி வாங்கும் பெரிய கம்பெனி, சூரிய மின்சாரத்தில் செய்த பெட்டிதான் வேண்டும் என்றது. கூரை முழுக்க சோலார் பேனல் ஏறியது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் வந்தன. நல்ல காரியம்தான், அத்தனை வருஷம் டீசல் புகை குடித்தவனுக்குத் தெரியாதா? ஆனால் ஜி.எம். எங்களைக் கூப்பிட்டு, "தீபாவளியோட நின்னுக்கோங்கப்பா. இனிமே எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்றார். கூட வேலை பார்த்த ஏழுமலைக்கு இரண்டு பெண்கள் காலேஜில் படித்தார்கள்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. எந்த மெஷினை யார் ஓட்டுகிறாரோ அவர்தான் அதற்குச் சூடம் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஆலை வழக்கம். நான் அந்தோணி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் ஜெனரேட்டருக்குத் தட்டு எடுப்பது நான்தான். அந்த வருஷம் ஜி.எம்., "மொதல்ல புது இன்வெர்ட்டருக்குக் காட்டுங்க, ஜல்தி" என்றார்.

ஒருவரும் நகரவில்லை.

"இன்னாப்பா பேஜாரு? இதுக்கு ஆபரேட்டர் யாரு?" என்று கேட்டார் ஜி.எம்.

ஏழுமலை சொன்னான்: "ஆளே இல்லீங்க சார். இருந்த ஆளுங்களத்தான் வூட்டுக்கு அனுப்பிக்கினு இருக்கீங்களே."

இவனுக்குத் தீபாவளி வரைகூட வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஜி.எம். முகம் சிவந்து போனது. ஆளில்லாத இன்வெர்ட்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "மூணு பேரும் சோலார் ட்ரெய்னிங் போங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன். அந்தோணி, தட்ட எடுங்க" என்றார்.

எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ள ஒரு மனசு வேண்டும். அந்த மனுஷரால்தான் ரிட்டயர் ஆகும்வரை நான் அங்கேயே சம்பளம் வாங்கிச் சாப்பிட்டேன். ஏழுமலை இன்னும் அங்கே சோலார் இன்சார்ஜ்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: மெஷின் மாறினால் ஆளையும் மாற்றிவிட வேண்டும் என்பதில்லை. ஆளுக்கு வேலை கற்றுக்கொடுத்தால் போதும்.

நான் வேலையில் இருந்தபோதே ஒரு நாள் முண்டியம்பாக்கம் பக்கமிருந்து ஒரு ரைஸ் மில் முதலாளி எங்கள் சோலாரைப் பார்க்க வந்தார். "நாங்களும் போடலாம்னு இருக்கோம். எங்கேர்ந்து சார் ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்.

ஜி.எம். சொன்னார்: "கூரைய அப்பறமா அளந்துக்கலாங்க. மொதல்ல உங்க ஜெனரேட்டர் ஆளுங்கள உட்காரவச்சுப் பேசுங்க."