அருக்காணி காத்த வாசல்கள்

லக்ஷ்மிபாய் நகரில் யாரும் அருக்காணியிடம் ரகசியம் சொல்ல மாட்டார்கள். அவள் குரல் அப்படி. காய்க்காரனிடம் அவள் பேரம் பேசினால் அடுத்த பிளாக்கிலும் விலை இறங்கும் என்பார் கணவர் பாலசுப்ரமணியம். சர்க்கார் குமாஸ்தாவான அவரைக் கட்டிக்கொண்டு காங்கேயத்திலிருந்து டெல்லிக்கு வந்தபோது அவளுக்குத் தெரிந்த இந்தி ‘அச்சா’ ஒன்றுதான். அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு ரேஷன் கடைக்காரன், பால் டிப்போக்காரன், குழாய் ரிப்பேர்காரன் எல்லோரையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். பாக்கி இருந்தது போலீஸ்தான். எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் அதுவும் நடந்தது.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் பாதி பிளாக் ஊருக்குக் கிளம்பிவிடும். முன்கதவை உள்ளே தாழிட்டு, பின்பக்கக் கதவில் பூட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். வாசலில் பூட்டுத் தொங்காவிட்டால் ஆள் இல்லையென்று எவனுக்குத் தெரியப்போகிறது என்பது அவர்கள் கணக்கு. அந்த வருஷம் கணக்குத் தப்பியது. பட்டப்பகலில் எவனோ பின்சுவர் ஏறிக் குதித்து, வெள்ளிக் குத்துவிளக்கு, பட்டுப்புடவை, டிரான்சிஸ்டர் என்று வாரிக்கொண்டு போனான். போனதெல்லாம் தமிழர் வீடுகளில். பக்கத்திலேயே இருந்த பஞ்சாபி வீடுகளில் ஒரு டம்ளர்கூடத் தொலையவில்லை.

காலனி அசோசியேஷன் செயலாளர் தட்சிணாமூர்த்தி கூட்டம் போட்டார்.

“யார் எப்ப ஊருக்குப் போறாங்கன்னு திருடனுக்கு எப்படித் தெரியும்? தமிழ் தெரிஞ்சவங்கதான் சொல்லியிருக்கணும். நம்ம வீட்டுக்குள்ள வந்து போற தமிழ் ஆளுங்க யாரு? ஜுக்கிக் குடிசைங்கள்லேருந்து வர்ற பொம்பளைங்கதானே. அடுத்த திங்கக்கிழமையிலேருந்து ஒருத்தியும் உள்ளே வரக்கூடாது.”

அந்த ஒருத்திகளில் அருக்காணி வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலம்மாளும் ஒருத்தி. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்திருந்தான். இந்தக் காலனியில் செய்யும் வேலையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. ஏற்கெனவே அவளை ஒருநாள் முழுக்க ஸ்டேஷனில் உட்காரவைத்து விசாரித்து அனுப்பியிருந்தார்கள்.

“வேல போனாப் போவுதும்மா,” என்றாள் வேலம்மாள். “திருடின்னு பேரு வந்துட்டா எந்தக் காலனியில என்னைச் சேத்துப்பாங்க?”

அன்று முழுக்க அருக்காணி கைக்குக் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் ணங் ணங்கென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக் கஸ்தூரிரங்கன் வீட்டில் அவர் அப்பாவுக்குத் திவசம். வெயிலுக்கு முன்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் உள்ளே இருந்தார்கள். அவர் மனைவி அனந்தலக்ஷ்மி மடிசார் கட்டிக்கொண்டு பின்கட்டில் வடை தட்டிக்கொண்டிருந்தபோது, சுவரிலிருந்து ஒருவன் தொப்பென்று அவள் முன்னால் குதித்தான்.

“மேலே படாதேடா, மடி,” என்று அவள் போட்ட சத்தத்தில் வந்தவன் அதே சுவரில் திரும்ப ஏறி ஓடிவிட்டான்.

பிறகு அனந்தலக்ஷ்மியே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “திருடன்னு அப்போ தோணவேயில்லைடி. வடை தீட்டாயிடுமேன்னுதான் பதறினேன்.”

அருக்காணி சிரிக்கவில்லை. வீடு நிறைய ஆள் இருக்கும்போது எதற்கு இந்த வீட்டில் குதித்தான்? உளவு சொல்ல ஒருத்தி இருந்திருந்தால், இன்றைக்குத் திவசம், போகாதே என்றல்லவா சொல்லியிருப்பாள்? அவள் தெருவில் இறங்கி நின்று வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆள் இருக்கிற தமிழ் வீடுகளின் வாசலில் காலையில் போட்ட கோலம். ஊருக்குப் போனவர்கள் வாசல் வெறிச்சென்று கிடந்தது. திவசமானதால் அனந்தலக்ஷ்மி வாசலிலும் கோலமில்லை.

நேரே தட்சிணாமூர்த்தியிடம் போனாள்.

“ஏனுங்க, ஆளில்லைன்னு நாமளே வாசல்ல எழுதி வெச்சுட்டுப் போறமுங்க. பஞ்சாபிக்காரங்க கோலம் போடறதில்லீங்க. அவங்க ஊட்டுல ஆளிருக்குதா இல்லையான்னு அவனுக்குத் தெரியறதில்ல. அதான் அந்தப் பக்கமே போகல.”

“கோலத்தைப் பாத்துத் திருடறானா? கதை நல்லாருக்கும்மா. திங்கக்கிழமை திங்கக்கிழமைதான்.”

அவர் அவ்வளவு எளிதில் இறங்கமாட்டார் என்று தெரிந்ததும் அவள் அந்தத் தெருக்களில் ரோந்து வரும் பீட் கான்ஸ்டபிள் ரண்பீரைப் பிடித்தாள். தன் இந்தியில் பாதியும் கையால் பாதியுமாக விளக்கினாள். அவன் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டான். திருட்டுப்போன நாலு வீட்டுக்காரர்களுக்கு ஸ்டேஷனில் பதில் சொல்லிச் சொல்லி அவனுக்கும் அலுத்துப்போயிருந்தது.

“டீக் ஹை, பெஹன்ஜி. சரி, உட்கார்ந்துதான் பார்ப்போமே,” என்றான்.

வியாழக்கிழமை அருக்காணி தன் வாசலில் கோலம் போடவில்லை. முன்கதவைத் தாழிட்டு, பின்கதவில் பூட்டை மாட்டச் சொல்லிக் கணவரை ஆபீசுக்கு அனுப்பினாள். உள்ளே அவளும் வேலம்மாளும் ரண்பீரும். அன்று ஒன்றும் நடக்கவில்லை. ரண்பீர் தயிர்சாதம் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். வெள்ளிக்கிழமையும் அப்படியே.

“திருடன் வராட்டாலும் இவன் வந்துருவான்ம்மா,” என்றாள் வேலம்மாள். மறுநாள் விட்டால் ஞாயிறு. அன்று எல்லோரும் வீட்டிலிருப்பார்கள்; எவனும் வரமாட்டான். அப்புறம் திங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் தெருவில் ‘ஸ்டோவ் ரிப்பேர்’ என்று ஒரு குரல் போயிற்று. வாசல்பக்கம் சற்றே நின்றது. கொஞ்ச நேரத்தில் பின்சுவரில் இரண்டு கைகள் தெரிந்தன. அவன் குதித்து, பையிலிருந்த கம்பியால் பூட்டை நெம்பிக் கதவைத் தள்ளினான். உள்ளே அருக்காணி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

“வாங்க தம்பி,” என்றாள்.

அதற்குள் ரண்பீர் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். அவளுடைய குரலுக்கு மூன்று பிளாக் ஜனம் கூடியது. அவனோ தமிழே தெரியாதவன். வாசலில் ‘வெள்ளைப் பூ’ இல்லாத வீடாகப் பார்த்துத்தான் ஏறினேன் என்று எல்லோர் எதிரிலும் சொன்னான்.

திங்கட்கிழமை வேலம்மாள் எப்போதும்போல் வேலைக்கு வந்தாள். பூட்டிய வீடுகளின் வாசலில் முறைவைத்துக் கோலம் போடுவதென்று பெண்கள் தீர்மானித்தார்கள். பேச்சு சரோஜினி நகர்வரை போனது. அங்கிருந்து பெண்கள் வந்து விசாரித்தபோது, “எங்க பிளாக்குல இப்படித்தானுங்க,” என்று அருக்காணி சொன்ன தோரணையைப் பார்த்துப் பாலசுப்ரமணியம் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் தட்சிணாமூர்த்தியும் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினார். வாசலில் வேலம்மாளை நிறுத்திச் சாவியை நீட்டினார்.

“வேலம்மா, செடிக்குத் தண்ணி ஊத்திடு.”

வேலம்மாள் கையை நீட்டவில்லை. “சாவிய அருக்காணியம்மாகிட்ட குடுங்க சார். நாளைக்கு ஒண்ணு காணோம்னா மறுபடியும் என்னையத்தான் கேப்பீங்க.”

அவர் முகம் கறுத்தது.

“கேக்கமாட்டேன். அன்னிக்குக் கூட்டத்துல நான் பேசினது தப்பு,” என்றார்.

அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். தன் வாசலில் நின்றிருந்த அருக்காணி சத்தமாகச் சொன்னாள்: “வாங்கிக்க வேலம்மா. எல்லாருக்கும் கேட்டுருச்சு.”

வேலம்மாள் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.