குளிரும் அறைக்குப் பின்னியவை

பங்குனி வெயிலில் பெரம்பலூர்க் கடைவீதியில் கடை கடையாக ஏறி உல்லன் நூல் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஜவுளிக்கடையில் சிரித்தார்கள். ஒருவர், “ஊட்டிக்கா போறீங்க?” என்று கேட்டார். இல்லை, பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். கால் வீங்குகிறது, பசிக்கவில்லை என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசியில் டாக்டரிடம் போனபோது, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அரியலூரில் அப்போது இடம் கிடைக்கவில்லை. பெரம்பலூரில் செவ்வாயும் வெள்ளியும் காலை முறை கிடைத்தது. விடிந்ததும் பஸ் ஏறுவோம்.

இயந்திரம் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி உள்ளே அனுப்பும். சுற்றிவரும் ரத்தம் சூடு குறைந்துதான் திரும்பும் என்று அங்கிருந்த டெக்னீசியன் சொன்னார். அதோடு இயந்திரங்களுக்காக ஏசியும் ஓடும். நான்கு மணி நேரம் அப்படியே படுத்திருக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் போனதும் அவருடைய தாடை ஆடத் தொடங்கியது. பயந்துபோய்க் கிட்டே குனிந்தேன்.

“குளுருது புள்ள,” என்றார்.

பதினெட்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் நாங்கள் கோத்தகிரியில் இருந்தோம். அவர் தேயிலை லாரி ஓட்டினார். பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து நான் பின்னக் கற்றுக்கொண்டது அங்கேதான். அவருக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தபோது, “நான் என்ன கெழவனா?” என்று போட மறுத்துவிட்டார். கீழே இறங்கி வந்த பிறகு ஊசிகள் டிரங்குப் பெட்டிக்குப் போய்விட்டன. அரியலூரில் யாருக்கு ஸ்வெட்டர் வேண்டும்?

இப்போது அவருக்குச் சாம்பல் நிறத்தில் பின்னலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு பேன்சி ஸ்டோரில் மட்டும், பிள்ளைகளின் கைவேலைக்கென்று சின்னச் சின்ன உருண்டைகள் இருந்தன. கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், ராணி கலர், ஆரஞ்சு, நீலம். எந்த நிறத்திலும் ஒரு கைக்குக்கூடப் போதுமான நூல் இல்லை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

நான் வீட்டில் பிளவுஸ் தைப்பவள். அளவெடுப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்தச் சட்டையின் இடது கைதான் பிரச்சினை. அந்தக் கையில் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயைப் பெரிதாக்கியிருந்தார்கள். அங்கேதான் இரண்டு ஊசிகளும் ஏறும். விரலை வைத்தால் தோலுக்கடியில் ரத்தம் உறுமிக்கொண்டு ஓடுவது தெரியும். அந்தக் கையில் கடிகாரம்கூடக் கட்டக்கூடாது. அதனால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை கையைத் திறந்தாற்போல் பின்னி, வரிசையாகப் பொத்தான் வைத்தேன். டெக்னீசியன் தொட்டுப் பார்த்துவிட்டு, “பட்டன் அழுத்தும்மா, வேணாம்,” என்றார். வீட்டுக்கு வந்து கை முழுவதையும் பிரித்தேன். மறுபடி பின்னியபோது பொத்தானுக்குப் பதில் அதே நூலில் ஐந்து நாடா வைத்தேன். சும்மா முடிச்சுப் போட்டால் போதும். ஊசி குத்தும் இடத்தை மட்டும் திறந்துகொள்ளலாம்.

நிறங்களை எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல், கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஸ்கெட்ச் பேனாவால் அடித்துப் பார்த்தேன். பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள், இடையில் ஒரு வரி நீலம். முடித்துக் கொடுத்தபோது அவர் அதை விரித்து ஒரு நிமிடம் பார்த்தார்.

“கரகாட்டத்துக்கா அனுப்புற?”

“சாம்பல் கலர் கெடைக்கலைங்க.”

“உள்ள போயி போட்டுக்குறேன். பஸ்ல எல்லாம் மாட்ட முடியாது.”

அந்த அறையில் ஆறு கட்டில். எல்லாம் வெள்ளை விரிப்பு, வெள்ளைச் சுவர். அதற்கு நடுவில் இவர் ஒரு திருவிழாப் பந்தல் மாதிரி படுத்திருந்தார். கூச்சத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் தாடை ஆடவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் தூங்கிவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர். அறுபதைத் தாண்டியவர், பேச்சுக்காரர். அவர்தான் முதலில் கேட்டார்.

“முப்பது வருசம் பாலைவனத்துல வெந்தேன் தங்கச்சி. அல்லா இப்பக் கொண்டாந்து ஐஸ் பொட்டியில வச்சிருக்கான். எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன்.”

என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன். ஊசி இல்லாத கையால் போனை எடுத்து ஒரு வீட்டின் படத்தைக் காட்டினார். மாடி வீடு. சுவரெல்லாம் ரோஸ், ஜன்னல் ஓரமெல்லாம் பச்சை.

“அங்க இருந்துகிட்டு போன்லயே கலர் சொல்லி அடிக்கச் சொன்னது. நேர்ல பாக்க நாலு வருசம் ஆச்சு. இந்தக் கலர்லயே போடுங்க. வூட்டுக்குள்ள படுத்திருக்க மாதிரி இருக்கும்.”

அவருக்குச் சால்வைதான் பின்னினேன். ரோஸ் நிறத்தில் உடம்பு, பச்சையில் கரை. இடது கை வெளியே வர ஒரு திறப்பு. நூல் போதாமல் திருச்சிக்குப் போகிறவர்களிடம் சொல்லி வரவழைத்தேன். அவர் அதைப் போர்த்திக்கொண்டு அறையில் இருந்த ஒவ்வொருவரிடமும், “என் வூடு எப்படி இருக்கு?” என்று கேட்டார். என் கணவர்கூடச் சிரித்தார்.

இரண்டு மாதம் போர்த்தியிருப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கட்டிலில் வேறொருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலித்ததாம். நாங்கள் லப்பைக்குடிக்காட்டுக்குப் போனோம். படத்தில் பார்த்த வீடு. சுவரில் பெயிண்ட் வெளுத்திருந்தது. அவருடைய மனைவி, கணவர் இறந்தபின் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் என்னை மட்டும் உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். சால்வை அவர் மடியில் இருந்தது. “இதை நானே வச்சுக்குறேம்மா,” என்றார்.

அந்தச் சமயத்தில் மீன்சுருட்டிப் பெண் ஒருத்தியும் அவளுடைய அம்மாவும் எங்களோடு பஸ்ஸில் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் முதல் பஸ்ஸில் அரியலூர் வந்து, எங்களோடு சேர்ந்து பெரம்பலூர் பஸ் ஏற வேண்டும். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. பேசி முடித்திருந்த கல்யாணம் இந்த நோயால் நின்றுவிட்டது. அதை அவள் சொல்லவில்லை, அவளுடைய அம்மாதான் ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

அந்தப் பெண் என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். “அக்கா, நானே வரைஞ்சு தரவா?” என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் முழுக்க முந்திரிப்பழம் வரைந்து கொண்டுவந்தாள். சிவப்பும் மஞ்சளுமாகப் பழம், அடியில் சாம்பல் பச்சையில் கொட்டை. அவர்கள் ஊர்ப் பக்கமெல்லாம் முந்திரிக்காடு. பழத்தைக் கடித்துச் சாறு சிந்தினால் துணியில் கறை போகாது என்றும், அவளுடைய பாவாடைகளில் எல்லாம் அந்தக் கறை இருக்கும் என்றும் சொன்னாள். இப்போது பழம் தின்னக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் வரைந்தபடியே கட்டத்துக்குக் கட்டம் பின்னினேன். பழம் சப்பையாக வந்தது. பின்னலில் ஒரு கண்ணியின் உயரம் அகலத்தைவிடக் குறைவு. நோட்டிலோ கட்டம் சதுரம். இதை நான் யோசிக்கவில்லை. பஸ்ஸில் எடுத்துக் காட்டினேன்.

“அக்கா, இது தக்காளி!”

அவள் சிரித்ததில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய அம்மாவும் சிரித்தாள். அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

பழத்தை நீட்டி வரையச் சொன்னேன். நோட்டில் அது கத்தரிக்காய் மாதிரி இருந்தது, பின்னியதும் சரியான முந்திரிப்பழமாக வந்தது. முன்பக்கம் இரண்டு பக்கமும் பழங்கள் தொங்க, இடது கைக்கு நாடா வைத்த அந்த ஸ்வெட்டர்தான் நான் பின்னியதிலேயே நன்றாக அமைந்தது. அவள் மூன்று முறை போட்டாள். நான்காவது முறை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவர்களைக் காணோம். பஸ் கிளம்பும்வரை நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். மூச்சுத் திணறி, ஜெயங்கொண்டம் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அப்போது நான் மூன்றாவது ஆளுக்குப் பின்னிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், ஜன்னலோரக் கட்டில். அவருக்கு நீலத்தில் ஒரு சால்வை. கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணின் அம்மா உள்ளே வந்தாள். ஏதோ காகிதத்துக்காக ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் எழுந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த ஊசிகளையே பார்த்தாள்.

“இன்னும் பின்னிக்கிட்டுதான் இருக்கியா?”

“அக்கா...”

“அந்த பாய்க்குப் பின்னுன. போயிட்டாரு. எம் மவளுக்குப் பின்னுன. இப்ப யாருக்கு? எத்தனை பேர அனுப்புவ?”

ஆறு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. நர்ஸ் வந்து அவளைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். வராந்தாவில் அவள் அழுவது கொஞ்ச நேரம் கேட்டது. பின்னால் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாத்தியாரின் மருமகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “மாமாவுக்கு வேணாங்க. கோச்சுக்காதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, வூட்ல பெரியவங்க ஒரு மாதிரி நெனைக்கிறாங்க,” என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. முக்கால்வாசி முடிந்திருந்த சால்வையை வீட்டுக்குப் போய்ப் பிரித்தேன். நூல் நெளிநெளியாக வந்து தரையில் குவிந்தது. என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பும்போது அவர் ஸ்வெட்டரைக் கேட்டார். பையில் வைத்துவிட்டேன் என்றேன்.

“எடு. போட்டுக்கிட்டே வரேன்.”

“என்னங்க, சித்திரை வெயிலு...”

“எடுங்குறேன்ல.”

வாசலிலேயே போட்டுக்கொண்டு நாடாக்களை ஒரு கையாலேயே முடிந்தார். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர், “காய்ச்சலாண்ணே?” என்று கேட்டார். இவர் இல்லையென்று தலையாட்டினார். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டிய உடம்பு. கழற்றிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

“மொத மொத போட்டவன் நானு. ஒரு வருசத்துக்கு மேலாப் போடுறேன். செத்தா போயிட்டேன்?” என்றார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். அந்தப் பெண்ணும் அம்மாவும் வழக்கமாக உட்காரும் சீட்டில் யாரோ இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லா செவ்வாயும் எல்லா வெள்ளியும் அப்படித்தான் வந்தார். அறைக்குள் நுழையும்போது மார்பை நிமிர்த்திக்கொள்வார். நடை தளர்ந்துவிட்டிருந்தது. ஆனாலும் அந்த நாலெட்டு மட்டும் பழைய லாரி டிரைவர்தான். எனக்காகத்தான் அப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். நன்றி என்று சொல்லத் தெரியவில்லை. அவர் வேர்ப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது.

வாத்தியாரும் ஆடி மாதம் போய்விட்டார். நான் பின்னியது எதையும் அவர் போர்த்தவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மீன்சுருட்டிக்குப் போய் அந்த அம்மாவிடமே சொல்லலாமா என்றுகூட ஒரு நாள் தோன்றியது. எப்பேர்ப்பட்ட நினைப்பு. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

போன மாதம் புதிதாக ஒருவர் சேர்ந்தார். குன்னம் பக்கத்து விவசாயி, கூட அவர் மனைவி. முதல் நாள். ஒரு மணி நேரம் ஆனதும் அவருக்கு நடுக்கம் வந்துவிட்டது. மனைவி தன் சேலைத் தலைப்பை எடுத்து அவர் மேல் போட்டாள். பிறகு எங்கள் கட்டிலுக்கு வந்தாள்.

“அண்ணன் போட்டிருக்கிறது நல்லா இருக்குங்க. கையெல்லாம் தெறந்து வச்சு... யாரு பின்னுனது?”

என் கணவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்து சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

“கடையில வாங்குனதுங்க.”

“எந்தக் கடைங்க?”

“திருச்சியில. பேரு ஞாபகம் இல்ல.”

அவள் சரியென்று தலையசைத்துவிட்டுப் போய் மறுபடி தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்கு மணி நேரமும் அப்படியே நின்றாள்.

எனக்கு அந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது. ஆனால் அவள் கேட்டபோது என் கைகள் இரண்டும் தாமாகவே முந்தானைக்குள் போய்விட்டன.

திரும்பும்போது என் கணவர், பஸ் பேரளி தாண்டியதும் நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

“அந்தாளுக்குப் பல்லு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பாத்தியா?”

“பாத்தேன்.”

அரியலூர் வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். இப்போதெல்லாம் அறைக்குள் போன பிறகுதான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறார். குன்னத்துக்காரர் எங்களுக்கு எதிர்க் கட்டில். வீட்டிலிருந்து இரண்டு போர்வை கொண்டுவருகிறார்கள், ஊசி ஏறிய கை மட்டும் வெளியே கிடக்கிறது. நான் ஸ்டூலை வேறு பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.