பாக்காவ் காட்டில் கேட்ட குரல்

மலாயாவில் கிள்ளானுக்குக் கீழே கடலோரம் முழுக்க அப்போது பாக்காவ் மரக்காடு, சேற்றில் வேரூன்றி நிற்கும் அலையாத்திக் காடு. ரயில் எஞ்சினுக்கும் கரிச்சூளைக்கும் வெட்டி வெட்டி ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டது. அங்கே கன்றுகள் தலையெடுக்கும்வரை யாரும் கோடாரி வைக்கக் கூடாது என்று காட்டிலாகா உத்தரவு போட்டது. காவலுக்கு மூன்று பேர்: பெரியவர் ஒருவர், நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகள் குடியிருந்த லயத்திலிருந்து போன நான். சேற்றுக்கும் கொசுவுக்கும் காவலா என்று லயத்தில் எல்லாரும் கிண்டலடித்தார்கள். எனக்கு அந்தக் கன்றுகள் மேல் ஒரு பிடிப்பு. பைத்தியம் என்றால் பைத்தியம்தான், போகட்டும்.

காட்டுக்குள் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. 'ஹூ' என்று கூவ வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் அது மனிதக் குரல் அல்ல, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்ட வேண்டும். இதைச் சொல்லும்போது மட்டும் பெரியவர் சிரிக்கமாட்டார்.

ஒரு நாள் உச்சிவெயில் நேரம். மற்ற இருவரும் முன்னால் போக, நான் கன்றுகளைப் பார்த்தபடி பின்தங்கினேன். கால் வைத்த இடம் உள்வாங்கியது. இடுப்புவரை சேறு. அசைய அசைய இன்னும் இறங்கினேன். கடல் ஏறத் தொடங்கியிருந்தது. தண்ணீர் சத்தமே இல்லாமல் வேர்களுக்கிடையே வந்து என்னைச் சுற்றி நின்றது.

கூவத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் வந்தது பெரியவரின் பெயர். இரண்டு முறை கத்தினேன். தூரத்தில் இருவரும் நின்றார்கள். பிறகு, திரும்பாமலே, முன்னைவிட வேகமாக நடந்தார்கள். அந்த இரண்டு முதுகுகளையும் நான் இன்றும் மறக்கவில்லை.

பிறகு 'ஹூ' என்று கூவப் பார்த்தேன்; தண்ணீர் நெஞ்சை அழுத்தியதில் குரலே எழும்பவில்லை. கையால் பிடிக்க எட்டாமல், கத்திக்கு எட்டும் தூரத்தில் ஒரு மரம். கையிலிருந்த பாராங் கத்தியை ஓங்கி அதை வெட்டினேன். எதைக் காக்கச் சம்பளம் வாங்கினேனோ, அதையே. மரம் வெட்டும் சத்தம் கேட்டால் அந்த இருவரும் பேய் பிசாசு என்று யோசிக்காமல் ஓடி வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"எவன்டா அது, மரத்துல கை வைக்கிறவன்!" என்று கத்திக்கொண்டே பெரியவர் ஓடி வந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த கழியை நீட்டினார். இருவருமாக இழுத்து மேலே போட்டார்கள். பெரியவர் அழுதுவிட்டார். அப்புறம் மரத்தில் வெட்டுப்பட்ட இடத்தைத் தடவிப் பார்த்து, "பொழச்சுக்கும் லா" என்றார்.

நான் வேட்டியைப் பிழியும்போது நாகப்பட்டினத்துக்காரர் மெதுவாகக் கேட்டார்: "தூரத்துல ரெண்டு தடவ கூப்பிட்ட, சரி. அதுக்கப்புறம் எங்க பின்னாலயே வந்து, காதுகிட்ட கூப்பிட்டது யாரு? உன் குரல்தான்."

பெரியவர் என் முகத்தையே பார்த்தார். நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளை இவர்கள் காட்டுக்குள் கால் வைக்கமாட்டார்கள். கோடாரிக்காரர்கள் வைப்பார்கள்.

"நான்தாண்ணே. தண்ணிமேல சத்தம் அப்படித்தான் கிட்ட கேக்கும்," என்றேன்.

மறுநாள் மூவரும் வழக்கம்போலப் போனோம். பின்னாலிருந்து எது கூப்பிட்டாலும் என் காதோடு போகட்டும் என்று வரிசையில் கடைசியாக நான் நடந்தேன்.