நாகலிங்கத்தின் ஆட்டோமேட்டிக்

தொள்ளாயிரம் ரூபாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டாயிரம் ரூபாய் ஆளைப் போலக் கடைக்குள் நுழைவது எப்படி என்று நாகலிங்கம் மூன்று நாள் யோசித்தார். கடைசியில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். அவர் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான்.

நாகலிங்கம் போர்ட் பிளேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தினக்கூலி மஸ்தூர். வேலை, மணி அடிப்பது. அதற்கு முன் இருபது வருடம் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இலங்கை மலையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு யாரோ மணி அடிப்பார்கள், இவர் ஓடுவார். இப்போது இவர் அடிக்கிறார், ஐந்நூறு பிள்ளைகள் ஓடுகின்றன. அதில் உள்ளூர ஒரு பெருமை. ஆனால் ஒவ்வொரு பீரியடுக்கும் பிரின்சிபால் அறை ஜன்னலில் எட்டிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இது நன்றாக இல்லை, சொந்தமாக ஒரு வாட்ச் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பிரின்சிபால் சந்திரமதி மேடம் ஒருநாள் சொல்லிவிட்டார்.

பஜாரில் நூற்றைம்பது ரூபாய்க்கு பேட்டரி வாட்ச் தொங்கியது. அது இவருக்கு ஆகாது. கச்சாலில் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா தினமும் பெரட்டில் நின்றபடி, தங்கநிறக் கடிகாரத்தின் திருகை இரண்டு விரலால் பிடித்துச் சாவி கொடுப்பார். முப்பது பேரும் அந்த விரல்களையே பார்த்து நிற்பார்கள். கட்டினால் அப்படி ஒரு பழைய உருப்படியைத்தான் கட்டுவது என்று நாகலிங்கம் அப்போதே தீர்மானித்துவிட்டார். ஆனால் பால் வெட்டுகிறவன் கையில் எதையும் கட்ட முடியாது. ரப்பர் பால் ஒட்டினால் பொருள் பாழ். தீர்மானம் இருபது வருடம் தீர்மானமாகவே கிடந்தது.

ஹபீப் முகம்மதுவின் வாட்ச் ரிப்பேர் கடையில் பழையவை ஒரு தட்டில் இருந்தன. அதில் ஒன்று ஜப்பான் சரக்கு, முப்பது வயது, தங்கநிற முகம். ஆயிரத்து நானூறு என்றார் ஹபீப். தொள்ளாயிரம் என்றார் நாகலிங்கம், குரல் நடுங்காமல். ஹபீப் உடனே சரி என்றதும், எழுநூறில் ஆரம்பித்திருக்கலாமே என்று நாகலிங்கத்துக்கு வயிறு எரிந்தது.

"இது ஆட்டோமேட்டிக்ணே, இத எப்படி வச்சுக்கிடணும்னா..."

"எல்லாம் தெரியும் பாய்" என்று கையமர்த்தினார் நாகலிங்கம். அவருக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டில் மனைவி சொர்ணம்மா வாட்சைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். கச்சாலில் அவள் வாய்க்கு கங்காணியே பயப்படுவார். சுனாமி அலை அவள் தங்கையைக் கொண்டுபோய், இவர்கள் இந்த ஊருக்கு வந்த பிறகு, அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் தவிரப் பேச்சில்லை. இந்த வாங்கலுக்காவது நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்த நாகலிங்கத்துக்கு ஏமாற்றமாகப் போயிற்று.

மறுநாளிலிருந்து அவர் ஆள் மாறினார். காலையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, டீச்சர்கள் பார்க்க, திருகைப் பிடித்து இருபது சுற்று சுற்றுவார். பிறகு ஸ்டூலில் அமர்ந்து இடது கையை மாவுக்கட்டு போட்டதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். பால்வெட்டி புத்தி. அந்தக் கையில் பொருள் இருக்கிறது, எதன் மேலும் படக்கூடாது. எடுப்பது, அடிப்பது, சொறிவது எல்லாம் வலது கைக்கு.

மூன்றாம் நாள் வாட்ச் நின்றது. மதியச் சாப்பாட்டு மணி தாமதமானது. ஹபீபிடம் கொண்டுபோனார். "ரெண்டு நாள் என் கையில கிடக்கட்டும், தேக் லேங்கே, பாத்துருவோம்" என்று அவர் கட்டிக்கொண்டார். இரண்டு நாளும் ஒரு நிமிடம் பிசகாமல் ஓடியது. திரும்ப நாகலிங்கத்தின் கைக்கு வந்த மூன்றாம் நாள் மறுபடி நின்றது. இந்த முறை கடைசி மணி. அது இருபத்தைந்து நிமிடம் தள்ளிப்போக, வண்டூர் பஸ் போயேவிட்டது. பதினொரு பிள்ளைகள் ரோட்டில் நின்றன. சந்திரமதி மேடம் கத்தவில்லை. மாதக் கடைசியில் உங்கள் வேலை நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இன்னொரு தடவை இப்படி ஆனால் போட மாட்டேன் என்று மட்டும் சொன்னார். இந்த வேலை போனால் இந்த ஊரில் நாகலிங்கத்துக்கு வேறு என்ன தெரியும்? ரப்பர் மரம் இல்லாத ஊரில் பால்வெட்டி!

நேரே கடைக்குப் போய், ஏமாற்றிவிட்டீர்கள் என்று சண்டை போட்டார். ஹபீப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாள் முழுதும் எப்படி உட்கார்ந்திருப்பீர்கள், காட்டுங்கள் என்றார். நாகலிங்கம் உட்கார்ந்து, கையை நெஞ்சோடு அணைத்துக் காட்டினார்.

"இதுக்குச் சாவியே கிடையாதுண்ணே. கட்டுன கை ஆடுனாத்தான் இது ஓடும். நா பேசும்போதுகூட கைய ஆட்டிக்கிட்டுதான் இருப்பேன், அதான் என்கிட்ட நிக்கல. நீங்க சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும். அவ்வளவுதான்."

"அப்ப நா தெனம் திருகுனது?"

"அது சும்மா சுத்தும்."

இருபது சுற்றையும் வேடிக்கை பார்த்த டீச்சர்கள் ஒவ்வொருவராக நாகலிங்கத்தின் கண்முன் வந்துபோனார்கள்.

மறுநாள் வாட்சை வலது கைக்கு மாற்றினார். மைதானத்தைப் பெருக்கினார். பெஞ்சு தூக்கினார். நடக்கும்போது குடியரசு தினப் பரேடுபோலக் கை வீசினார். எந்த வேலையும் இல்லாதபோது ஸ்டூலில் உட்கார்ந்து கையை வெறுமனே ஆட்டினார். அப்போது கை தானாக ஒரு சாய்வுக்குப் போனது. ரப்பர் மரப் பட்டையில் கத்தியை இழுக்கிற அதே இழுப்பு. ஒரு நாளைக்கு முந்நூறு மரம் இழுத்த கை. அலைக்குப் பிறகு நாலரை வருடமாக அதை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. பெருக்கிய தூசிமேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் மேடம் கையெழுத்துப் போட்டார். மிகவும் சுறுசுறுப்பானவர் என்று ஒரு வரியும் எழுதினார். நாகலிங்கம் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். பள்ளி இல்லாவிட்டால் வாட்ச் நின்றுவிடும். விடிந்ததும் குழாயடியிலிருந்து ட்ரம்முக்குத் தண்ணீர் தூக்கினார். பிறகு துருவலையை இழுத்துப் போட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தார். சொர்ணம்மா வாசற்படியில் நின்று நெடுநேரம் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், ஸ்டாஃப் ரூம் வாசலில் சாவி கொடுத்தது உட்பட.

சிரிப்பு வந்து அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்த முடியவில்லை.

"இந்த வாட்ச நம்ம கல்யாணத்தப்பவே எங்கப்பா ஒங்களுக்குப் போட்டிருக்கணும். எனக்கு எம்புட்டு வேல கொறஞ்சிருக்கும்."

நாலரை வருடம் கழித்து அந்த வாய் திரும்ப வந்திருந்தது. நாகலிங்கம் தலை நிமிராமல் துருவினார். ஒரு தேங்காய் போதும் என்றாள். அவர் இரண்டாவதையும் உடைத்தார்.