சீட் பெல்ட்டுக்குள் கிடந்த நெல்

எங்கட வேனுக்கு இஞ்சின் மூக்கில இல்ல. முன் சீட்டுக்குக் கீழ, வண்டிட நடுவயித்துக்குள்ள இருக்கு. டர்போ உள்ளுக்குத் தள்ளுற காத்து கொதிச்சுப் போய்த்தான் வரும். அத ஆத்தி அனுப்புறதுக்கு இன்டர்கூலர் எண்டு சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒரு சாமான். காத்து ஆறாட்டி ஏத்தத்தில வண்டிக்கு மூச்சு முட்டும். சோறு கறி ஆக்குற எனக்கு இந்தக் கதையெல்லாம் என்னத்துக்கு எண்டு கேட்பீங்க. மகள்ட நெஞ்சில ஓட்டை. அதாலதான் எனக்குத் தெரியும்.

ஒப்பரேஷனுக்கு முந்தி கண்டி டொக்டர் புள்ளயப் பாக்கோணும். போன தரம் கல்முனையில விடியச் சுபஹு தொழுத கையோட வெளிக்கிட்டும், மகியங்கனைக்கு அங்கால பதினெட்டு வளைவு மலை ஏத்தத்தில வேன் நிண்டு போச்சு. புள்ள உதடு நீலிச்சு என்ட மடியில கிடந்தா. தள்ளி உருட்டிப் போய்ச் சேர்ந்தா டொக்டர்ட கதிரை வெறுங்கதிரை. யா அல்லாஹ், அந்தக் கதிரைய நான் மறக்கவே மாட்டன்.

அடுத்த திகதிக்கு வேற வேன் பிடிப்பம் எண்டன். "என்ட புள்ளய நான்தான் கொண்டு போவன்" எண்டாரு என்ட மனிசன். ஆம்புளைக்கு வீம்பு வந்தா ஆரால கதைக்க ஏலும்?

சாய்ந்தமருதில என்ட காக்காட கராஜ். கூடப்பொறந்தவர் எண்டாலும் மச்சானோட சேர்ந்தா தங்கச்சிய மறந்திருவாரு. இன்டர்கூலர் இஞ்சினுக்குப் பக்கத்திலயே இருந்து அவியுது எண்டு ரெண்டு பேரும் அதக் கழட்டி வண்டிக்கு அடியில, ரோட்டப் பாத்தாப்போல மாட்டினாங்க. காத்து நல்லா வரும் எண்டு பெரிய கெட்டித்தனம். வயல் வெட்டுக் காலம் அது. அட்டாளைச்சேனை வரைக்கும் தார் ரோட்டில பாதிக்கு நெல்லுக் காயப் போட்டிருக்கு. அதுக்கு மேலால ஓடி ஓடிப் பதரும் கூளமும் உறிஞ்சி, சாமான் தலகாணி மாதிரி அடைச்சிட்டு. இந்த ஊரில பொறந்து வளந்த ரெண்டு பேருக்கும் அந்த ரோட்டு ஞாபகம் வரல்ல பாருங்க!

புறகுதான் எனக்குச் சந்தேகம் புடிச்சது. மனிசன் விடியவே வேனோட போவாரு, பின்னேரம் அசர் தொழுகைக்குப் புறகு வருவாரு. எங்க போனீங்க எண்டா, "கராஜில நிண்டன்." காக்காக்கு ஃபோன் கோல் எடுத்தா, நான் கேட்டு முடிக்க முந்தியே, "ஓம் ஓம், இஞ்சதான் நிண்டாரு." கேக்காத கேள்விக்கும் ஓம்! நான் கராஜுக்குப் போனா ரெண்டு பேரும் கதைய நிப்பாட்டிப் போட்டு ஸ்பானர் தேடுவாங்க.

நான் வேனக் கூட்டித் துடைக்கக்குள்ள சீட்டெல்லாம் நெல்லு. எங்களுக்கு ஒரு முழம் வயல் இல்ல. "ரோட்டு நெல்லு புள்ள, அடியால ஏறியிருக்கும்" எண்டாரு மூக்கச் சொறிஞ்சிக்கிட்டு. பொய் செல்லக்குள்ள அவர்ட மூக்குக்குத்தான் கடிக்கும். அடியால ஏறின நெல்லு பின்சீட்டு பெல்ட்ட பூட்டுக்குள்ள எப்படிப் போகும்? நற்பிட்டிமுனைப் பக்கம் வயக்காரி ஒருத்தி இருக்காளோ எண்டு கூட நினைச்சன். புள்ள இப்படிக் கிடக்கக்குள்ள இந்த மனிசனுக்கு என்ன ஊர்சுத்தல்?

ஒரு அசர் நேரம் செல்லாமக் கொள்ளாம கராஜுக்குப் போய் வேன் கதவ இழுத்தன்.

உள்ளுக்கு ஆக்கள் மாதிரி நெல்லு மூட்டைகள் இருக்கு. என்ட இடத்தில ஒரு பெரிய மூட்டை. சன்னலோரம், புள்ளட இடத்தில, ஒரு சின்ன மூட்டை. எல்லாத்துக்கும் பெல்ட் போட்டிருக்கு. சின்னதுக்குப் புறத்தால புள்ளட தலகாணி. வீட்டில காணல்ல எண்டு நான் தேடின தலகாணி.

மனிசன் கைய சாரத்தில துடைச்சிக்கிட்டு வந்தாரு. இந்த முறை மூக்கச் சொறியல்ல. "எங்கட பாரம் எவ்வளவோ அவ்வளவு ஏத்திக்கிட்டுப் பதினெட்டு வளைவுக்குப் போய்ப் பாத்தன் புள்ள. ஒவ்வொரு தரமும் அந்த வளைவிலதான் நிண்டது. உன்னட்ட எப்படிச் செல்ற?"

காக்கா பம்பருக்குக் கீழ குனிஞ்சு காட்டினாரு. இன்டர்கூலர ரேடியேட்டருக்கு நேர முன்னால மாட்டினா அதுக்குப் போற காத்த இது மறைச்சிரும். அதால ஒரு ஓரமாத் தள்ளி, பம்பர் வாய்க்குள்ள மாட்டி, நடுவில இருக்கிற இஞ்சினுக்கு நீளக் குழாய் இழுத்திருக்காரு. "இண்டைக்கு வண்டி வளைவு ஏறிட்டு" எண்டாரு மனிசன். எனக்கு ஏசவும் வந்தது, அழவும் வந்தது. ரெண்டையும் ஒண்டாச் செஞ்சன்.

டொக்டர் தந்த திகதியண்டு வளைவுகள் வந்தது. நிண்டு போன அந்த இடத்தில நான் புள்ளட கையப் புடிச்சிக்கிட்டு சலவாத்து ஓதினன். வண்டி உறுமிக்கிட்டு மேல ஏறிச்சு.

"வாப்பா, சீட்டில நெல்லு குத்துது" எண்டா மகள்.

அவர் திரும்பிப் பாக்கல்ல. கண்ணத் துடைச்சது மட்டும் கண்ணாடியில தெரிஞ்சது. நான் அந்த நெல்ல எடுத்து முந்தானையில முடிஞ்சன்.

அண்டைக்கு டொக்டர் கதிரையில இருந்தாரு.