எழுதாமல் விட்ட பதினாறு பார்

ஏழு வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதம். சித்தூரில் ஒரு பழைய மிஷன் பள்ளி வளாகத்தில் இளைஞர்களுக்கான ஜாஸ் இசை முகாம் பத்து நாட்கள் நடந்தது. வியாழக்கிழமை தொடங்கி, அடுத்த வாரம் சனிக்கிழமை திருப்பதியில் ஒரு கல்லூரி அரங்கில் நிறைவு நிகழ்ச்சி. இவற்றையெல்லாம் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. அந்த வருடத்து நாட்குறிப்பு இப்போது என் மேசைமேல் திறந்திருக்கிறது.

நான் நில அளவையர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவன். தினமும் காலை ஐந்தரை மணிக்கு, காபிக்கு முன்பு, முந்தைய நாளை எழுதிவிடுவேன். திருமணமான வருடத்தில் தொடங்கிய பழக்கம். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எப்போது விட்டது என்பதுகூட அதில் இருக்கும். "தும்மினாகூட டைம் போட்டு எழுதுவாரு" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி சொல்வாள்.

என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. டிரம்பெட் வாசிப்பாள். பாடகர் குழுவின் அலமாரியில் யாரும் தொடாமல் கிடந்த பழைய டிரம்பெட் அது. பத்து வயதில் எடுத்தவள், பன்னிரண்டில் பாடல்களுக்கு ஈடுகொடுத்து வாசித்தாள். ஆனால் முகாமுக்கு முந்தைய வருடம் ஈஸ்டர் விடியற்கால ஆராதனையில், மூன்றாவது சரணத்தின் நடுவில் அவளுக்கு மறந்துபோயிற்று. சபை பாடிக்கொண்டே போனது. நானும் கீபோர்டை நிறுத்தவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுக்காமல், சத்தமே இல்லாமல் கடைசி சரணம் முடியும்வரை நின்றாள். வீட்டுக்கு வந்து அதைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவள், ஒரு வருடத்துக்கு மேல் வெளியே எடுக்கவில்லை.

எடுக்கவைத்தது பலமனேரில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் மகள். இவளைவிட இரண்டு வயது பெரியவள், நன்றாகப் பாடுவாள். முகாமில் பாடகியாகச் சேர்ந்து, பத்து நாளும் எங்கள் வீட்டில் தங்க வந்தாள். வந்த அன்றே கட்டிலுக்கு அடியில் குனிந்து பெட்டியை இழுத்தாள்.

"ஏண்டி, இத்த எலி வாசிக்கவா இங்க வச்சிக்கீற? நாளைக்கி என்கூட வர்ற. நீ வரலன்னா நானும் பலமனேர் பஸ்ஸ புடிக்கிறேன்."

இரண்டு பேருமாகப் போனார்கள்.

மொத்தம் இருபத்திரண்டு பேர். நடத்தியவர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி, சாக்ஸபோன் கலைஞர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பிள்ளைகள் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். ஜாஸில் எல்லோரும் சேர்ந்து முதலில் ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதினாறு பார் கொடுப்பார்கள். நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு பார். தாளம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அந்த அரை நிமிடத்தில் அவரவருக்குத் தோன்றுவதை அங்கேயே உருவாக்கி வாசிக்க வேண்டும். இந்தத் தனி வாசிப்புக்கு அவர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். அதை எழுதி வைக்கக் கூடாது. "எழுதினா அது ஹோம்ஒர்க் ஆயிடும்" என்றாராம்.

மகள் இதை வீட்டுக்கு வந்து சொன்னாள். எழுதி, மனப்பாடம் செய்து, வருடக்கணக்கில் கேட்டுப் பழகிய பாட்டிலேயே நின்றுபோனவள் அவள். கையில் ஒன்றுமே இல்லாமல் மேடையில் எப்படி நிற்பாள்? இன்னொரு முறை அப்படி நின்றுவிட்டால், அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து திரும்ப வராது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர்களை அழைத்துவரப் போனேன். கடைசிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவள் முறை வந்தது. எனக்குத் தெரிந்த எந்தப் பாட்டும் இல்லை அது. கீழிருந்து படியேறி, பாதியில் நின்று யோசித்து, வேறு வழியாக இறங்கி வந்தது. என்னை அறியாமல் பையிலிருந்து நில அளவைப் புத்தகத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். டோ, ரே, மி என்று எழுதுவது பாடகர் குழுவில் பழகியது. காதும் கொஞ்சம் தேறியது. எழுபத்து நான்கு ஸ்வரங்கள்.

மறுநாள் காலை அதைச் சுத்தமாக ஒரு தாளில் எழுதினேன். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழே எந்த விரல்கள் என்று எண்ணும் போட்டேன். டிரம்பெட்டில் மூன்று வால்வுகள்தான். ஒன்று, ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று என்று எண்ணைப் பார்த்து அழுத்தினால் தப்பே வராது.

"எழுதக் கூடாதுன்னாங்களே நைனா" என்றாள்.

"நீ வாசிச்சதுதானம்மா இது. உன்னுத நீயே திரும்ப வாசிக்கிறதுல இன்னா தப்பு?"

அவள் தாளையும் என்னையும் பார்த்தாள். பிறகு நான்காக மடித்து டிரம்பெட் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். புதன், வியாழன், வெள்ளி மூன்று காலையும் மொட்டை மாடியில் பழகினாள். நான் கீழே ஷேவ் செய்துகொண்டே எண்ணுவேன். எழுபத்து நான்கும் இருக்கும். எனக்கு நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, முகாமுக்காக ஏற்பாடு செய்த பேருந்தில் திருப்பதிக்குக் கிளம்பினோம். பெற்றோர்களும் போகலாம் என்றதால் நானும் மனைவியும் ஏறிக்கொண்டோம். வழியெல்லாம் மாங்காய் லாரிகள். பூதலப்பட்டில் பேருந்து நின்றபோது பலமனேர் பெண் இறங்கி, ஐஸ் போட்ட ரோஸ் மில்க் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு வந்தாள். சந்திரகிரி தாண்டும்போது அவள் குரல் கரகரத்தது.

"மாமா, பயப்படாதீங்க. கொஞ்சம் தவள மாதிரி கீது, அவ்ளோதான்."

"தவளைக்காவது ஒழுங்கா ஒரு சுருதி இருக்கும்டி" என்றாள் என் மனைவி.

ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. நாலு பத்துக்கு மேடையில் ஒருமுறை பாடிப் பார்த்தார்கள். உச்சத்தில் அவளுக்குக் குரல் எட்டவில்லை. அக்கா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஒரு கட்டை இறக்கிக்கலாம். எல்லாரும் ஓகேவா?" என்றார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த நானும் ஆட்டினேன். எங்கள் தேவாலயத்தில் இது வாரா வாரம் நடப்பது. பாடுகிறவருக்கு எட்டவில்லை என்றால் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்துவேன். சுருதி இறங்கிவிடும். என் விரல்கள் போட்ட இடத்திலேயே போட்டுக்கொண்டிருக்கும். பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

மகள் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். கையில் அந்தத் தாள்.

"நைனா. நம்பர் எல்லாம் மாறிடும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிரம்பெட்டில் அந்தப் பட்டன் கிடையாது. சுருதி ஒரு கட்டை இறங்கினால், நான் போட்ட விரல் எண்கள் அத்தனையும் தப்பு. அவளோ மூன்று நாளாக எண்களைத்தான் மனப்பாடம் செய்திருந்தாள். எழுதிக்கொடுக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. மற்ற இருபத்தொரு பேருக்கும் இல்லை.

"குடு, மாத்திக் குடுக்கிறேன்" என்று வாங்கி, முழங்காலில் நாட்குறிப்பை வைத்து அதன்மேல் எழுத ஆரம்பித்தேன். இரண்டு இடத்தில் எண் பிசகி அடித்து எழுதினேன். மலை ஓரத்தில் வெயிலில் நின்று பிசகில்லாமல் வரைபடம் போட்ட கை.

"அவள விடுங்க" என்றாள் மனைவி. "நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள அவளுக்குக் கல்யாணமே ஆயிடும்."

பதினோராவது பாரில் இருந்தபோது மகள் மறுபடி வந்தாள். நாலு ஐம்பது. தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வேணாம் நைனா. பாத்து மனசுல ஏத்தறதுக்கு டைம் இல்ல. நீ உக்காரு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. மூன்றாவது உருப்படி இவர்கள் இருவரும் இருந்த குழுவினுடையது. பலமனேர் பெண் கரகரத்த குரலிலேயே நன்றாகப் பாடினாள். கிடார் வாசித்த பையனுக்குப் பதினாறு பார். பிறகு என் மகள் ஓரடி முன்னால் வந்தாள். டிரம்பெட்டை உதட்டில் வைத்தாள்.

சத்தம் வரவில்லை.

ஒரு பார். இரண்டு. டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று. என் கண்ணுக்கு முன்னால் அந்த ஈஸ்டர் விடியற்காலை நின்றது. நான் எழுந்துவிட்டேன் என்பது மனைவி என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தபோதுதான் தெரிந்தது. நான்கு பார் போயிற்று. அப்புறம்தான் கவனித்தேன், அவள் கண்கள் மூடியிருக்கவில்லை. டிரம்ஸ் வாசித்த பையனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது பாரில் ஒரே ஒரு ஸ்வரம் வந்தது. கீழே, மெதுவாக. நிறுத்தினாள். அதே ஸ்வரத்தைக் கொஞ்சம் தள்ளி, தாளத்துக்குப் பின்னால் வைத்தாள். டிரம்ஸ் பையன் சிரித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தட்டுத் தட்டினான். அவள் அடுத்த முறை அந்தத் தட்டுக்கு முன்னால் போனாள். இன்னொரு ஸ்வரம் சேர்ந்தது. பலமனேர் பெண் மைக்கை விட்டுத் தள்ளி நின்று, "அப்படிப் போடுடி" என்றாள். மைக் இல்லாமலே மூன்றாவது வரிசைக்குக் கேட்டது. முன்வரிசையில் சிலர் தலையை ஆட்ட ஆரம்பித்தார்கள். பதினான்காவது பாரில் மூன்றாவது ஸ்வரம், எல்லாவற்றுக்கும் மேலே, நீளமாக. பதினாறு முடிந்தது. அவள் ஓரடி பின்னால் போனாள்.

என் தாளில் எழுபத்து நான்கு இருந்தது. அவள் வாசித்தது மூன்றே மூன்று ஸ்வரங்களை.

பெரிய வாசிப்பு என்று சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டது இதைவிட அழகு. ஆனால் பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "மீ அம்மாயா சார்?" என்று தெலுங்கில் கேட்டார். உங்கள் மகளா என்று. தலையசைத்தேன். என் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஆறரைக்குத் திரும்பும் பேருந்தில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பலமனேர் பெண் முன் இருக்கையில் சப்பாத்தி துன்னுகினே தூங்கிவிட்டிருந்தாள். 'துன்னுகினே' என் மனைவியின் சொல், தின்றுகொண்டே என்று அர்த்தம். சந்திரகிரிக் கோட்டை இருட்டுவதற்கு முன்பு ஒரு முறை ஜன்னலில் தெரிந்து மறைந்தது.

"நைனா, அக்கா என்ன வியாழக்கெழமயே கேட்டாங்க."

"இன்னா கேட்டாங்க?"

"நேத்தும் இதே வாசிச்ச, இன்னிக்கும் இதே வாசிக்கிற, எங்கயாவது எழுதி வச்சிக்கீறயான்னு. இல்லக்கான்னுட்டேன்."

"ஏம்மா பொய் சொன்ன?"

"எங்க நைனா எழுதிக் குடுத்தாருன்னு சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்திச்சி. உன்ன இன்னாவாவது நெனச்சிக்குவாங்க."

அவள் மேடையில் நின்றுவிடக் கூடாது என்று நான் பயந்து செய்த காரியத்துக்கு, அவள் மூன்று நாளாக என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். மன்னித்துக்கொள் என்று மகளிடம் சொல்லத் தெரியாதவர்களில் நானும் ஒருவன்.

"மொத நாலு பார்ல பயந்துட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

"பயந்தேன். அப்பறம் கேட்டுக்கினு இருந்தேன்." பிறகு, "நாளைக்கிக் காலைல எழுதுவ இல்ல?" என்றாள்.

"எழுதுவேன்."

"எல்லாத்தையும் எழுது. ரோஸ் மில்க்கூட எழுது. நான் வாசிச்சத மட்டும் எழுதாத."

மறுநாள் காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தேன். பேருந்து கிளம்பிய நேரம், மாங்காய் லாரிகள், இரண்டு கிளாஸ் ரோஸ் மில்க், நாலு பத்து, நாலு ஐம்பது எல்லாம் எழுதினேன். 'அவள் ஓரடி முன்னால் வந்தாள்' என்று எழுதி, அதற்குக் கீழே ஆறு வரிகளைக் காலியாக விட்டேன். பிறகு 'ஓரடி பின்னால் போனாள்' என்று தொடர்ந்தேன்.

மகள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். டிரம்பெட் அவளுடன்தான் இருக்கிறது. போன மாதம் வந்தவள் என் மேசையில் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டிக்கொண்டே அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். ஆறு வெற்று வரிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அன்னிக்கி நான் இன்னாதான் வாசிச்சேன் நைனா? எனக்கே ஞாபகம் இல்ல" என்றாள்.

"எனக்கும் இல்லம்மா" என்றேன். பொய்தான்.

ஆண்டுக்கணக்காக ஒன்று விடாமல் எழுதிய எத்தனையோ விஷயங்களைத் தேதியைப் புரட்டாமல் என்னால் சொல்ல முடியாது. நாட்குறிப்பில் எழுதாமல் விட்ட அந்தப் பதினாறு பாரை மட்டும், முதல் நான்கு பாரின் மௌனத்தோடு சேர்த்து, இப்போதும் தினமும் காலை பேனாவைத் திறப்பதற்கு முன்பு ஒருமுறை மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன்.