பிறந்த வீட்டுக் கோடி

காலை ஐந்தே காலுக்குப் பெங்களூரு சில்க் போர்டு நிறுத்தத்தில் ஓசூர் பேருந்தில் ஏறினோம். நான், அம்மா, பக்கத்து வீட்டு அயூப் மாமா. அப்பா இறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. தகனம் பெங்களூரிலேயே முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் கருமாதியாவது சொந்த மண்ணில் நடக்கட்டும் என்று சித்தப்பா போனில் சொல்லியிருந்தார். "கருமாதியில உங்கம்மாவுக்குப் போடற கோடிச் சேலையை மறந்துடாதம்மா" என்றும் என்னிடம் சொன்னார்.

ஏழு மணிக்கு ஓசூர். பேருந்து நிலையத்தின் அருகே டீ குடித்துவிட்டுக் கடை திறக்கும்வரை காத்திருந்து, சந்தன நிறத்தில் ஒரு சேலை எடுத்தேன். அம்மா பையைப் பார்த்தாள், பிறகு பேருந்தைத் தேடி நடந்தாள். ராயக்கோட்டை வழியாகப் பாலக்கோடு போகும் பேருந்தில் மாரண்டஹள்ளிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் தக்காளித் தோட்டங்கள், இரண்டு பக்கமும் மொட்டைப் பாறைக் குன்றுகள். கண்டக்டர் ஒருவரிடம் தமிழிலும் அடுத்தவரிடம் கன்னடத்திலும் சில்லறை கேட்டுச் சலித்துக்கொண்டார். எனக்கு அது எங்கள் சந்து போலவே இருந்தது.

சந்து என்றால் எட்டு வீடு, நடுவில் ஒரு குழாய். ஒரு வீட்டில் உருது, ஒன்றில் கன்னடம், ஒன்றில் கொங்கணி. தண்ணீர்ச் சண்டை மட்டும் எல்லா மொழியிலும் நடக்கும். அம்மா குப்பம் என்ற ஊர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரி. துணி கம்பெனியில் அப்பாவைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டதும், அவள் வீட்டார் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். அயூப் மாமா சந்து முனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். இந்தப் பயணத்துக்காக மூன்று நாள் கடையைப் பூட்டியிருந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சித்தப்பா வீட்டு வாசலில் பந்தல் நிறைந்துவிட்டது. அம்மாவை நடுவில் உட்கார வைத்தார்கள். அப்பாவின் அக்கா என்னிடம் வந்தார்.

"உங்கம்மாவுக்குப் பொறந்த வூட்டுக் கோடி யாரு போடறாங்க?"

பையிலிருந்த சேலையை எடுத்து நீட்டினேன்.

"இது யாரு எடுத்தது?"

"நான்தான் அத்தை."

"பெத்த பொண்ணு எடுத்தா அது கோடி ஆவாது கண்ணு. அண்ணன் தம்பி கொண்டாந்து போடணும். புருசன் போனாலும் எனக்குப் பொறந்த வூடு இருக்குதுன்னு நாலு பேருக்குத் தெரியணுமில்ல?"

அத்தை குத்திக்காட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு வீட்டில் எட்டு விதமாகச் சாவு நடந்து பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் முறை எது என்று கேட்கத் தோன்றியதே இல்லை. என் அரைகுறை அறிவால் அம்மா அத்தனை பேர் முன்னால் நாதியற்றவளாக உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது.

அயூப் மாமா எழுந்தார். சித்தப்பாவின் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சித்தப்பாவின் ஊரிலிருந்து மாரண்டஹள்ளிக் கடைவீதி நான்கு கிலோமீட்டர். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார். கையில் ஒரு தாம்பாளம், அதில் இளநீல நிறத்தில் ஒரு சேலை, வெற்றிலை பாக்கு, பழம்.

"கோடிக்குன்னு சொன்னேன், கடைக்காரரே எல்லாம் எடுத்து வெச்சாரு" என்றார். பிறகு தயங்கி, "நான் போடலாமா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அப்பாவின் பங்காளி ஒருவர் குறுக்கிட்டார். "அதெப்படிங்க? அவரு வேற ஆளு. முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?"

அம்மா அதுவரை நிமிரவில்லை. இப்போது நிமிர்ந்தாள்.

"இவ பொறந்தப்ப எங்க வீட்டுக்காரர் ஊர்ல இல்லீங்க. ஆபரேசனுக்குக் கையெழுத்து கேட்டாங்க. அண்ணன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது இவருதான். அன்னைக்கு யாரும் முறை கேக்கலீங்க."

எனக்கே அது புதுச் செய்தி. கோடி போடுகிறவர்களின் பெயரைக் கூப்பிட்டுச் சொல்லும் பெரியவர் அத்தையைப் பார்த்தார். அத்தை தாம்பாளத்தை வாங்கி அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு, "பொறந்த வூட்டுக் கோடின்னே கூப்பிடுங்க" என்றார்.

அயூப் மாமா சேலையைப் பிரித்து அம்மாவின் தலைமேல் போட்டார். அம்மா அந்தச் சேலைக்குள் முகத்தை மூடிக்கொண்டு, அப்பா இறந்த பிறகு முதல் முறையாக வாய்விட்டு அழுதாள். குறுக்கிட்டவரும் இன்னும் சிலரும் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். சித்தப்பா அவர்களைத் தடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை எட்டரை மணிக்கு ஓசூர் பேருந்து. அம்மா இளநீலச் சேலையைக் கட்டியிருந்தாள். அயூப் மாமாவுக்கு முன்னால்தான் இடம் கிடைத்தது. நான் எடுத்த சந்தன நிறச் சேலை பையில் கிடந்தது. ராயக்கோட்டையில் ஏறிய ஒரு பெண் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெறும் நெற்றியையும் மடிப்புக் கலையாத சேலையையும் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கோடிச் சேலைங்களா?" என்றார் தணிந்த குரலில்.

அம்மா தலையசைத்தாள்.

"பொறந்த வூடு எந்த ஊருங்க?"

இந்தக் கேள்விக்கு அம்மா பதில் சொல்லி நான் கேட்டதில்லை. யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவாள். இப்போதும் அப்படித்தான் செய்வாள் என்று நினைத்தேன்.

"பெங்களூருங்க" என்றாள் அம்மா. "அதோ, முன்னாடி உக்காந்திருக்காரு பாருங்க, எங்கண்ணன்."